திருகோணமலையில் ஆறு நாள், ஓர் அலரி வேலி

அக்கா குடும்பம் நான்கு வருடத்துக்குப் பிறகு சுவிஸிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தது. யாழ்ப்பாணத்தில் பத்து நாள் சொந்தக்காரர் வீடு வீடாக ஏறி இறங்கியதில் மருமகனுக்கு அலுத்துப்போனது. பதினொரு வயதுப் பிள்ளை, எத்தனை வீட்டில்தான் உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிடுவான்? கடலுக்குப் போவோம் என்றான். திருகோணமலை என்று முடிவானது. நான் கல்யாணப் படம் எடுப்பவன். ஆடி பிறக்கப் போகிறது, கை சும்மாதான் இருந்தது. புறாத்தீவுப் பவளப் பாறைகளைப் படம் எடுக்கும் ஆசையில் நானும் கமராவோடு ஏறிக்கொண்டேன். திரும்பி வந்து பார்த்தால், எடுத்த படங்களில் பாதிக்கு மேல் ஒரே ஓர் அலரி வேலி.

ஜூலை 14, சுன்னாகம் – உப்புவெளி

விடிய 5 மணிக்கு வெளிக்கிட்டோம். வவுனியாவில் காலைச் சாப்பாடு, இடியப்பமும் சொதியும். அங்கிருந்து ஹொரவப்பொத்தானை வழியாகப் போனால் மத்தியானத்துக்கு முன் சேர்ந்துவிடலாம் என்பது கணக்கு. ஹொரவப்பொத்தானை தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் வான் சூடேறி நின்றுவிட்டது. ரேடியேட்டர் குழாய் வெடித்திருந்தது.

வெளியே இறங்கினால் கச்சான் காற்று. கிழக்கில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. தென்மேற்கிலிருந்து வரும் காற்று, மழையை எல்லாம் மலைநாட்டின் அந்தப் பக்கத்திலேயே கொட்டிவிட்டு, வெறும் சூட்டோடு இந்தப் பக்கம் இறங்கும். அடுப்படிக் கதவைத் திறந்து முகத்தைக் காட்டியது போல இருந்தது. அக்கா சேலைத் தலைப்பை நனைத்துப் பிள்ளையின் தலையில் போட்டாள். பத்து நிமிடத்தில் அது காய்ந்துவிட்டது.

மோட்டார் சைக்கிளில் போன ஒரு சிங்களக் கமக்காரர் நின்று, குனிந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அரை மணித்தியாலத்தில் ஒரு குழாய்த் துண்டும் ஒரு கான் தண்ணீரும் ஒரு சீப்பு வாழைப்பழமும் கொண்டு திரும்பி வந்தார். குழாய்க்கு 400 ரூபா வாங்கினார். பழத்துக்குக் காசு நீட்டினேன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். பழம் மனைவி கொடுத்துவிட்டது என்று அத்தானின் அரைகுறைச் சிங்களத்துக்குப் புரிந்தது.

உப்புவெளிக்கு வந்து சேர மூன்று மணி. தங்கிய வீட்டில் ஓர் அறைக்கு நாளுக்கு 6,000 ரூபா. வீட்டுக்கார அம்மா வயதானவர், நடையில் மட்டும் அவசரம். கடற்கரைப் பக்கம் ஆளை விட உயரமாக அலரி வேலி, ரோசா நிறத்தில் பூத்துக் கிடந்தது. எங்கள் பக்கத்தில் அலரி என்போம், தமிழ்நாட்டில் அரளி.

பொழுதுபடும் நேரம் மருமகன் கத்தினான். "மாமா, இங்க ஒரு பாம்பு!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். பாம்பு இல்லை, புழு. ஆனால் அவன் பயந்ததில் குற்றமில்லை. என் நடுவிரல் நீளம், அதைவிடப் பருமன். வாழைக்குருத்தின் பச்சை. பக்கவாட்டில் வால்வரை ஒரு வெள்ளைக் கோடு, கோட்டை ஒட்டி ஊசியால் குத்தியது போல வெள்ளைப் புள்ளிகள். வாலில் கட்டையான மஞ்சள் கொம்பு. நான் கொப்பை அசைத்ததும் அது தலையை உள்ளே இழுத்து முன்னுடம்பை உப்பவைத்தது. உடனே இரண்டு நீலக் கண்கள் விரிந்தன. கறுப்பு விளிம்பு, நீலம், நடுவில் வெள்ளை. அவை கண்களே அல்ல, தோலில் உள்ள நிறம். உண்மைத் தலை அதற்கு முன்னால் சின்னதாகக் குனிந்திருந்தது. குருவி கொத்த வந்தால் அந்தப் பொய்க் கண்ணைக் கண்டு பின்வாங்கும்.

"தொடாதேங்கோ தம்பி, மசுக்குட்டி, அரிக்கும்" என்று வீட்டுக்கார அம்மா குசினியிலிருந்து வந்தார். மயிர் இருந்தால்தானே அரிக்கும். இதன் உடம்பில் ஒரு மயிர் இல்லை.

பயம் தெளிந்த மருமகன் அருகே வந்து பார்த்துவிட்டு, "இது எங்கட வீட்டுக்கு வந்தது!" என்றான். எனக்கு விளங்கவில்லை. அக்காதான் சொன்னாள். அவர்களுடைய மாடிக்குக் கீழே ஒரு சுவிஸ் பாட்டி தொட்டியில் அலரி வளர்க்கிறாராம். குளிர்காலம் வந்தால் தொட்டியை நிலவறைக்கு இறக்கிவிடுவார். போன வருடத்துக்கு முந்தைய கோடையில் அந்தத் தொட்டியில் இதே புழு வந்திருக்கிறது. கட்டடத்தில் உள்ள பிள்ளைகள் எல்லாரும் வரிசையில் நின்று பார்த்தார்களாம். பாட்டி அதற்கு இலை போதாமல் போய்விடுமோ என்று பக்கத்து வீட்டில் அலரிக் கொப்புக் கேட்டு வாங்கினாராம். இந்தப் புழு வளர்ந்து ஓர் அந்துப்பூச்சி ஆகும், ஜெர்மன் மொழியில் அதன் பெயர் ஒலியாண்டர்ஷ்வேர்மர். அவன் அதைச் சொன்னபோது, ஊருக்கு வந்த பெரிய மனிதர் பெயரைச் சொல்வது போல இருந்தது.

ஜூலை 15, கோணேசர் மலை

வெயில் ஏறுமுன் கோயிலுக்குப் போனோம். போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் கோயிலை இடித்து, அந்தக் கல்லாலேயே கோட்டை கட்டினார்கள். இன்றைக்கும் கோட்டை வாசலால் நுழைந்துதான் சுவாமியிடம் போகவேண்டும். உள்ளே புள்ளிமான்கள் ஆட்டுக்குட்டிகள் மாதிரி உலாவுகின்றன. அத்தானின் கையில் இருந்த அர்ச்சனைப் பையிலிருந்து ஒரு மான் வெற்றிலையையும் வாழைப்பழத்தையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. பூக்கடைப் பெண் சிரித்துக்கொண்டே வேறு வெற்றிலை தந்தார். "மானுக்குக் குடுத்தது கோணேசருக்குக் குடுத்த மாதிரித்தான்" என்று காசு வாங்க மறுத்துவிட்டார்.

அந்த மான்கள் கைக்கு எட்டும் எல்லாவற்றையும் மேய்ந்திருந்தன. வழியோரத்தில் நின்ற ஓர் அலரியில் மட்டும் ஓர் இலைகூடக் குறையவில்லை. அலரியின் இலை, பூ, தண்டு எல்லாமே நஞ்சு, நெஞ்சுத் துடிப்பைக் குழப்பும் நஞ்சு. சின்ன வயதில் அலரிக் கொப்பை ஒடித்தால் அம்மா கையைக் கழுவ வைத்துத்தான் உள்ளே விடுவார். மான் தொடாத அந்த இலையைத்தான் எங்கள் புழு காலை, பகல், இரவு என்று தின்கிறது. நித்தியகல்யாணியும் நந்தியாவட்டையும் தின்னுமாம். அவையும் அலரியின் குடும்பம்தான்.

பின்னேரம் உப்புவெளிக் கடற்கரை. இந்தப் பருவத்தில் கடல் குளம் மாதிரி. மருமகன் குளிக்காமல் ஈரமணலில் ஈர்க்கால் பெரிய வரைபடம் கீறினான். அந்தப் பூச்சி எங்கெங்கே இருக்கிறது என்று எனக்குக் காட்டவேண்டுமாம். வருடம் முழுக்க இருக்கும் இடத்தில் சிப்பி வைப்பது, கோடையில் மட்டும் வந்து போகும் இடத்தில் கல் வைப்பது என்று தானே ஒரு விதி போட்டான்.

ஆப்பிரிக்காவில் நான்கைந்து சிப்பி வைத்தான். அரபு நாடுகள், இந்தியா, இலங்கை, அப்படியே தென்கிழக்கு ஆசியா வரை சிப்பி போனது. இலங்கையில் வைக்கப் பெரிய சிப்பியாகத் தேடி எடுத்தான். பிறகு கற்கள். கோடை வந்ததும் சில பூச்சிகள் தெற்கிலிருந்து மத்தியதரைக் கடலைத் தாண்டி வடக்கே பறக்கின்றன. சூடான வருடங்களில் ஆல்ப்ஸ் மலையையும் கடந்து சுவிஸ், ஜெர்மனி வரை போகும். இங்கிலாந்துக்குப் போவது மிக அபூர்வம். அங்கே தொட்டி அலரியில் முட்டை இடும், புழு வரும், கூட்டுப்புழுவும் ஆகும். ஆனால் பனி விழுந்தால் கூட்டுப்புழு பிழைக்காது. அடுத்த கோடையில் திரும்பவும் தெற்கிலிருந்து யாராவது வந்தால்தான் உண்டு.

"அப்ப சுவிஸில பிறந்தது எல்லாம் செத்துப்போகும் மாமா" என்று சொல்லி, கல்லைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தான்.

ஹவாயில் என்ன வைப்பது என்று குழம்பினான். அவ்வளவு தூரக் கடலைத் தானாகத் தாண்டியிருக்காது, மனிதர்களால் போய்க் குடியேறிய பூச்சி. கரையில் கிடந்த சோடா மூடி ஒன்றை எடுத்து வைத்தான்.

1758இல் இதற்கு அறிவியல் பெயர் வைத்தவர் லின்னேயஸ். இன்று டாப்னிஸ் நெரியை என்கிறார்கள், பின்பாதி அலரியின் பெயர். சுவீடன்காரர் அவர், அலரி வெளியில் நின்று வளராத நாடு. எங்கள் கிணற்றடியில் நிற்கும் செடிக்குச் சொந்தமான பூச்சிக்கு அவர் வாயில் பெயர் இருந்தது. என் வாயில் இல்லை. தமிழில் எழுதுபவர்கள் இந்தக் குடும்பத்தைப் பருந்து அந்துப்பூச்சி, பருந்து விட்டில் என்கிறார்கள். பொருத்தமான பெயர்தான். ஆனால் ஊரில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

இரவுச் சாப்பாடு பிட்டும் பாரைமீன் குழம்பும். குழம்பில் புளி தூக்கலாக, எனக்கு மிகவும் பிடித்தபடி.

ஜூலை 16, புறாத்தீவு

நிலாவெளியிலிருந்து படகு. அக்கா குடும்பத்திடம் இருப்பது சுவிஸ் கடவுச்சீட்டு என்பதால் நுழைவுச் சீட்டு எனக்கு வாங்கியதை விடப் பல மடங்கு. தண்ணீருக்குள் கண்ணாடி போட்டுப் பார்த்தால் மீன்கள் அழகு, ஆனால் ஆட்கள் பவளத்தின் மேலேயே ஏறி நிற்கிறார்கள். காவலர் விசில் ஊதி ஊதிக் களைத்துப்போனார். கமராவின் தண்ணீர் உறைக்குள் ஈரம் கசிந்தது. அரை மணியில் மூட்டை கட்டினேன்.

திரும்பி வந்தால் வீட்டுக்கார அம்மா மருந்துப் பம்புடன் வேலியடியில் நிற்கிறார். நாங்கள் காட்டிய பிறகுதான் வேலியின் மேற்பக்கக் கொப்புகள் மொட்டையாகியிருப்பதைக் கண்டிருக்கிறார். மருமகன் போய் முன்னால் நின்றுகொண்டான். ஒன்றும் பேசவில்லை, அவனுடைய தமிழ் அவசரத்துக்கு வராது. அந்த அம்மா அவனைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார்.

"அம்மா, இது உங்கட கத்தரி, மிளகாயைத் தொடாது" என்றேன்.

"பூ போயிடுமே தம்பி."

"அலரி திரும்பத் தளிர்க்கும்தானே."

"அது தளிர்க்கும்தான். வெட்ட வெட்ட வரும்" என்று பம்பைச் சுவரோடு சாத்தி வைத்தார். இரவு அவரே டோர்ச் கொண்டு வந்து எங்களோடு நின்றார். மருமகன் ஐந்து புழுக்கள் எண்ணினான். அமைதியில் அவை தின்னும் சத்தம் கேட்டது. ஓர் இலையின் ஓரத்தைப் பிடித்து, தலையை மேலிருந்து கீழே, மேலிருந்து கீழே கொண்டுவந்து அரிவாளால் அறுப்பது மாதிரி அறுக்கிறது. நடு நரம்பையும் விடவில்லை. இடைக்கிடை எச்சம் சருகில் விழுந்து டிக், டிக் என்றது. மிளகளவு, வரி வரியாக வெட்டுப் போட்டது போல. இனி புழுவைத் தேட வேண்டுமானால் மேலே பார்க்க வேண்டியதில்லை, கீழே எச்சத்தைப் பார்த்தால் போதும்.

ஜூலை 17, கன்னியா

கன்னியா வெந்நீரூற்று. ஏழு சின்னக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. இந்தக் கச்சான் காற்றில் யார் வெந்நீரில் குளிப்பார் என்று நினைத்தேன். குளித்து வெளியே வந்ததும் அதே காற்று குளிர்ந்தது, உண்மையாகவே. எங்களிடம் வாளி இல்லை என்று கண்டு, தெரியாத ஒரு பாட்டி தன் வாளியைத் தந்துவிட்டுக் கரையில் காத்திருந்தார்.

இன்றைக்கு வீட்டில் ஆடிக்கூழ். பனங்கட்டி, தேங்காய்ப்பால், வறுத்த பயறு, மாவுருண்டை. ஆடிப்பிறப்பை நாங்கள் மறந்துபோனோம், வீட்டுக்கார அம்மா மறக்கவில்லை. பலாவிலையைக் கோலி எங்களுக்கும் ஊற்றித் தந்தார், வாடகையில் சேர்க்கவில்லை. மருமகன் மூன்று தரம் வாங்கிக் குடித்தான்.

கூழ் குடித்துக்கொண்டு வேலிக்கு வந்தால் எங்கள் முதல் புழுவைக் காணவில்லை. தேடித் தேடி அடித்தண்டில் கண்டுபிடித்தோம். நிறம் மாறியிருந்தது! முதுகெல்லாம் கருகிய பழுப்பு, பச்சை எங்கே போனது என்றே தெரியவில்லை. முன்பு கொப்பை விட்டு அசையாதது இப்போது அவசர அவசரமாகக் கீழே இறங்கியது. கூட்டுப்புழு ஆகப் போகும் நேரம் இப்படித்தான். மண்ணில் இறங்கிச் சருகுக்குள் புகுந்து, இரண்டு மூன்று இலைகளை நூலால் ஐதாகக் கோத்து உள்ளே படுத்துக்கொள்ளும். இறங்கும்போது பச்சையாக இருந்தால் மண்ணில் காகத்தின் கண்ணுக்குத் தப்புமா? அதற்குத்தான் இந்த மண் நிறம்.

வேலிக்கு உள்பக்கம் குவிந்திருந்த சருகுக்குள் அது தலையை நுழைத்து, முழுவதும் மறையும்வரை மூவரும் குந்தியிருந்தோம். நான், மருமகன், கூழ்க் கிண்ணத்தோடு வீட்டுக்கார அம்மா.

ஜூலை 18, உப்புவெளி – நிலாவெளி வீதி

இந்த நாளை எழுத மனமில்லை, ஆனால் எழுதத்தான் வேண்டும்.

காலை 6 மணிக்குப் புகை மணம். வீட்டு வேலைக்கு வரும் பையன் வழக்கம்போல முற்றம் கூட்டி, சருகைக் குவித்து நெருப்பு வைத்திருந்தான். நுளம்புக்கும் நல்லது என்று எல்லா வீட்டிலும் செய்வதுதான். அவனுக்கு யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. மருமகன் தடியால் சாம்பலைக் கிளறினான். ஓரத்தில் வேகாத இலைகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தோம், ஒன்றும் இல்லை. பையன் விஷயம் தெரிந்ததும் முகம் கறுத்து, தானும் குந்தியிருந்து கிளறினான். அவனைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? விடிந்ததும் முற்றம் கூட்டாத வீட்டில் மூதேவி இருப்பாள் என்று சொல்லித்தானே நாம் எல்லாரும் வளர்ந்தோம்.

பகல் முழுக்க மருமகன் ஒன்றும் பேசவில்லை. இரவு கொத்துரொட்டி வாங்கித் தருகிறேன் என்று நிலாவெளி வீதிக்குக் கூட்டிப் போனேன். ஒரு முஸ்லிம் நானாவின் கடை. கொத்து 900 ரூபா, இரண்டு பேருக்குத் தாராளம். இஞ்சித் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டிருந்த நானா, "தம்பி, உங்கட தலைக்கு மேல பாருங்க" என்றார்.

டியூப்லைட்டுக்குக் கீழே, சுவரில்.

விரித்த சிறகு என் உள்ளங்கை அகலம். ஆலிவ் பச்சையில் தொடங்கி, இளஞ்சிவப்பு அலையலையாக ஓடி, வெள்ளையாகி, ஓரத்தில் ஊதா படிந்து திரும்பப் பச்சைக்குள் போனது. தோளருகே வெளிர் வட்டத்துக்குள் கரும் பொட்டு. இருபது வருடமாக மணப்பெண்களின் கூறைச்சேலையைக் கிட்ட வைத்துப் படம் எடுக்கிறேன். ஒரு நிறம் எங்கே முடிகிறது, மற்றது எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாத இப்படி ஒரு நெசவை நான் கண்டதில்லை. அலரி இலைகளுக்கு நடுவே போய் இருந்தால் பகலில் யார் கண்ணிலும் படாது. வெள்ளைச் சுவரில் இருந்ததால்தான் கண்டோம்.

"ஒலியாண்டர்ஷ்வேர்மர்" என்று மருமகன் மூச்சோடு சொன்னான்.

"இரவில வந்து லைட்ல அடிபடும். விடிய காகம் தின்னிரும், பாவம்" என்றார் நானா. பிறகு நாங்கள் கேட்காமலே எழுந்து போய் அந்த லைட்டை நிறுத்திவிட்டார். சாப்பிட்டுக்கொண்டிருந்த நான்கைந்து பேரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒருவர் போன் வெளிச்சத்தில் கொத்தைத் தொடர்ந்து சாப்பிட்டார்.

இருட்டில் டோர்ச்சை ஓரமாகப் பிடித்துப் பார்த்தோம். சிறகுகள் நடுங்கத் தொடங்கின. பருந்து விட்டில்கள் பறக்குமுன் நெஞ்சுத் தசையை இப்படி நடுக்கித் தங்களைச் சூடேற்றிக்கொள்ளும். ஒரு நிமிடம் அப்படியே நடுங்கியது, சிறகின் வரிகள் தெரியாமல் மங்கலாகும் வரை. அப்புறம் சுவரில் இல்லை. கடைக்குப் பின்னால் மல்லிகைப் பந்தல் இருந்தது. அங்கே ஒரு பூவின் முன்னால், எங்கும் உட்காராமல், அந்தரத்திலேயே நின்று நீண்ட குழல் நாக்கை உள்ளே விட்டது. அடுத்த பூ. அடுத்தது. பிறகு கடல் பக்கம் போய்விட்டது.

நானா லைட்டைத் திரும்பப் போட்டார். தேத்தண்ணிக்குக் காசு வேண்டாம் என்றார். மருமகன் தன் காசிலிருந்து 100 ரூபாவை மேசையில் வைத்துவிட்டு ஓடிவந்தான்.

ஜூலை 19, திரும்புதல்

காலையில் வேலியைப் பார்க்கப் போனோம். இன்னும் மூன்று புழுக்கள் மேலே தின்றுகொண்டிருந்தன. அலரி வேலியடி நெடுகச் செங்கல் வரிசை, முழு வேலிக்கும். பையன் விடியவே வந்து அடுக்கினானாம். கல்லுக்கு உள்பக்கம் விளக்குமாறு போகக்கூடாது என்று வீட்டுக்கார அம்மாவின் கட்டளை. போகும்போது ஒரு சட்டி எருமைத் தயிர் தந்தார், மருமகனின் தலையைத் தடவினார்.

வான் இந்தத் தரம் ஒழுங்காக ஓடியது. ஹொரவப்பொத்தானைக்குக் கிட்ட அந்த மனிதரின் வீட்டைத் தேடினோம், கண்டுபிடிக்க முடியவில்லை. அவருக்கென்று வாங்கிய கருவாட்டுப் பொதி வீடுவரை மணத்துக்கொண்டு வந்தது.

ஜூலை 22, சுன்னாகம்

அக்காவும் பிள்ளையும் நேற்று இரவு கொழும்புக்குப் பஸ் ஏறிவிட்டார்கள். இன்று காலை பல் தீட்டிக்கொண்டு கிணற்றடிச் செவ்வலரியைப் பார்த்தேன். நுனிக் கொப்புகள் இரண்டு மொட்டை. இதைப் பல தடவை கண்டிருக்கிறேன், பக்கத்து வீட்டு ஆடு கடித்தது என்று நினைத்துவிடுவேன். மான் தொடாத இலையை ஆடு எப்படித் தின்னும் என்று யோசித்ததே இல்லை. கொப்பை வளைத்து ஒவ்வொரு தளிராகத் திருப்பினேன். மூன்றாவது இலையின் அடியில் ஒரு முட்டை. கடுகளவு, உருண்டை, மிக வெளிறிய பச்சை. படம் எடுத்து மருமகனுக்கு அனுப்பினேன். விமான நிலையத்திலிருந்து குரல் செய்தி வந்தது, பாதி தமிழ், பாதி ஜெர்மன். "சிப்பி, மாமா, சிப்பி!" என்றது மட்டும் தெளிவாகக் கேட்டது.

அம்மா விளக்குமாற்றோடு வந்தார்.

"அம்மா, இனி இந்த மரத்தடியைக் கூட்டாதேங்கோ. சருகு அப்படியே கிடக்கட்டும்."

"ஏன், பாம்பு வந்து படுக்கட்டும் எண்டோ?"

இலையைத் திருப்பிக் காட்டினேன். அம்மா மூக்குக்கண்ணாடியை எடுத்து வரப் போனார். வந்து, குனிந்து, நெடுநேரம் பார்த்தார். பிறகு கிணற்றைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போனவர், அலரியடிக்கு வந்ததும் விளக்குமாற்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் தாண்டினார்.